பதினேழு ஜோடி பூட்ஸில் ஒரு போர்வை

ஆகுலினா கார் ஓட்டக் கற்றது ஐம்பத்து மூன்றாவது வயதில். அதுவரை அவள் கையாண்ட பெரிய இயந்திரம் பள்ளிக்கூடச் சமையலறையில் இருந்த உருளைக்கிழங்குத் தோல் சீவும் இயந்திரம்தான். அந்தச் சமையலறையில் இருபத்தெட்டு வருஷம் நின்றாள். ஊரில் நாற்பது வயதுக்குள் இருக்கிற எல்லாருமே அவள் ஊற்றிய சூப்பைக் குடித்து வளர்ந்தவர்கள். பாதிப்பேர் அதைப் பற்றி இன்னமும் குறை சொல்கிறவர்கள்.

அவள் கணவன் புரோகோப்பி ஊர்க் கொதிகலன் கூடத்தில் வேலை பார்த்தவன். கரி எரித்து வெந்நீர் காய்ச்சி, குழாய் வழியாக ஒவ்வொரு வீட்டுக்கும் சூடு அனுப்புகிற இடம் அது. முப்பது வருஷம் அந்த அடுப்பின் முன் நின்றவனுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஒரு குதிரையும் ஒரு பழைய மோட்டார் சைக்கிளும் போதும் என்று இருந்துவிட்டான். பிறகு அவனுடைய இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டன. வாரத்துக்கு மூன்று நாள் யாகுத்ஸ்க் நகரத்து ஆஸ்பத்திரியில், நாலு மணி நேரம் ரத்தம் சுத்தம் செய்யும் இயந்திரத்தோடு படுத்தே தீர வேண்டும் என்றாகிவிட்டது. ஊருக்கும் நகரத்துக்கும் தொண்ணூறு கிலோமீட்டர்.

ஆகுலினா லைசென்ஸ் எடுத்தாள். வலது பக்கம் ஸ்டியரிங் வைத்த, பலர் கை மாறி வந்த ஒரு சின்ன ஜப்பான் கார் வாங்கினார்கள். முதல் மாதம் தோட்டத்து வேலியை இரண்டு தடவை இடித்தாள். இரண்டாவது தடவை இடித்தபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த புரோகோப்பி, "நல்லவேளை, குதிரை உள்ளே இருந்துச்சு" என்று மட்டும் சொன்னான்.

கோடையில் பிரச்சினை இல்லை. அக்டோபர் முடிந்து முப்பது, நாற்பது என்று இறங்க ஆரம்பித்ததும்தான் பெட்ரோல் தலைவலியானது. அந்த ஊரில் முப்பது, நாற்பது என்றால் பூஜ்ஜியத்துக்குக் கீழே என்று யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. பூஜ்ஜியத்துக்கு மேலே ஏற ஏப்ரல் ஆகும். அந்தக் குளிரில் காரை அணைத்துவிட்டு நாலு மணி நேரம் கழித்து வந்தால் என்ஜின் எண்ணெய் தாராகியிருக்கும், சாவி திருப்பினால் முனகக்கூடச் செய்யாது. அதனால் ஆஸ்பத்திரி வளாகத்தில் நிற்கிற வண்டிகள் எல்லாம் ஓட்டுநர் இல்லாமலே உறுமிக்கொண்டிருக்கும். புகை மேலே போகாமல் இடுப்பு உயரத்தில் வெள்ளையாக மிதக்கும். ஆகுலினாவின் காரும் அங்கே நின்ற இடத்தில் நின்றபடி, ஊருக்குத் திரும்பப் போதுமான பெட்ரோலைக் குடித்துத் தீர்த்தது.

நவம்பர் முதல் வாரத்தில் மகள் குன்னேய் ஊருக்கு வந்தாள். நகரத்தில் ஒரு துணிக்கடையில் கணக்கு பார்ப்பவள், நாலாவது மாடியில் இரண்டு அறை வீடு. மேஜையில் அப்பமும் அடித்த க்ரீமும் இருந்தன. புரோகோப்பி தன் பங்குத் தேநீரைக் காலையிலேயே குடித்துவிட்டிருந்தான். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று டாக்டர் அளந்து கொடுத்திருந்ததால், வாயில் ஒரு ஐஸ் துண்டைப் போட்டு அதக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அம்மா, பென்ஷன்ல பாதி புகையாப் போகுது. என்கூட வந்து இருங்களேன். ஆஸ்பத்திரி ரெண்டே பஸ் ஸ்டாப்புதான்."

"அப்பா வர மாட்டாரு" என்றாள் ஆகுலினா. "குதிரை இருக்கு. வீடு இருக்கு. நாலாவது மாடியில அவரைக் கொண்டுபோய் அடைச்சா என்ன ஆவாரு?"

குன்னேய் அப்பாவைப் பார்த்தாள். அவன் ஐஸ் துண்டை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றினான்.

"சரி, ஒரு பேச்சு வெச்சுக்கலாம்" என்றாள் மகள். "ஒரு டேங்க் பெட்ரோல்ல ரெண்டு தடவை வந்துட்டுப் போகணும். இப்ப ஒரு தடவைக்கே பத்தல. அப்புறம், ஒரு நாள்கூட லேட் ஆகக் கூடாது, நடு ரோட்டுல நிக்கக் கூடாது. புது வருஷம் வரைக்கும் இப்படி ஓட்டிக் காட்டினா நான் வாயத் தொறக்க மாட்டேன். இல்லேன்னா மூட்டை கட்டிடணும்."

"கட்டுறேன்" என்றாள் ஆகுலினா. அப்பா வர மாட்டார் என்று தான் சொன்னதை மகள் இவ்வளவு சீக்கிரம் நம்பியது அவளுக்கே கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது.

என்ஜினுக்குப் போர்வை போடுவது அங்கே புதிது இல்லை. கடையிலேயே விற்கிறார்கள். ஆனால் கடைப் போர்வை மெல்லியது, அது போட்ட வண்டிகளும் ஆஸ்பத்திரி வளாகத்தில் உறுமிக்கொண்டுதான் நின்றன. ஆகுலினாவுக்குத் தெரிந்த வரை உலகத்தில் குளிருக்குப் பதில் சொல்லக்கூடிய ஒரே பொருள், கம்பளியை அடித்து அழுத்திச் செய்த பூட்ஸ்தான். அந்த பூட்ஸில் அடிதான் முதலில் தேயும். முழங்கால் வரை வருகிற குழல் பகுதி அப்படியே புதிதாக இருக்கும். தூக்கிப் போட மனசு வராமல் எல்லார் வீட்டுக் கொட்டகையிலும் கிடக்கும்.

வீடு வீடாகப் போய்க் கேட்டாள். பதினேழு ஜோடி சேர்ந்தது. தபால்காரி கறுப்பு ஜோடி கொடுத்தாள். கணக்கு வாத்தியார் கொடுத்த ஜோடி இரண்டும் இடது கால். "வலது ரெண்டும் எங்க சார்?" என்று கேட்டதற்கு, "நாய் ஒரு கால்லதான் கடிக்கும்மா, அது வலதுதான்" என்றார். பூட்ஸ் குழல்களை நீளவாக்கில் வெட்டி விரித்து, நீராவி காட்டி, பலகைக்கு அடியில் வைத்துத் தட்டையாக்கி, குத்தூசியும் மீன்பிடி நூலும் வைத்து இரண்டு அடுக்காகத் தைத்தாள். சமையலறை மேஜை ஒன்பது நாள் அதற்கே போய்விட்டது. கீழ்ப்பக்கம் கண்ணாடி இழைத் துணி. கொதிகலன் கூடத்தில் குழாய்களுக்குச் சுற்றுகிற அதே துணியை புரோகோப்பி பழைய சிநேகிதர்களிடமிருந்து வாங்கி வந்தான்.

"வெறுங் கம்பளிய என்ஜின் மேல வெச்சா, ஒரு சொட்டு எண்ணெய் பட்டாலே பத்திக்கும்" என்றான். "துணி கீழ, கம்பளி மேல."

"தெரியும்."

"ரேடியேட்டருக்கு முன்னாடி தொங்குற துண்டுல ஒரு கை அகலம் தொறப்பு விடு. மூடி ஒண்ணு வெச்சு பட்டன் போட்டுக்கோ."

"எதுக்கு? குளிரை உள்ள வான்னு கூப்பிடவா?"

"அடுப்புன்னா அதுக்கு மூச்சு விட ஒரு வழி வேணும்."

ஆகுலினா தொறப்பு விட்டாள், மூடி வைத்தாள், இரண்டு எலும்புப் பட்டன் தைத்தாள். முப்பது வருஷம் ஊரையே சூடாக வைத்திருந்தவன் பேச்சை முழுக்கத் தள்ளவும் முடியவில்லை.

போர்வை போட்ட முதல் நாள், வெளியே நாற்பத்திரண்டு. புரோகோப்பியை உள்ளே விட்டுவிட்டு ஆகுலினா காரை அணைத்தாள். ஆஸ்பத்திரி வளாகத்தில் அந்தக் காலை நேரத்தில் சத்தமில்லாமல் நின்ற ஒரே வண்டி அது. அரை மணிக்கு ஒரு தடவை போய் சாவியை ஒரு திருப்பு திருப்பி, வெப்பம் காட்டும் முள் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்தாள். ஒரு மணி நாற்பது நிமிஷம் தாங்கியது. அதற்குப் பிறகு கால் மணி நேரம் ஓடவிட்டு மறுபடி அணைத்தாள். பக்கத்து வண்டிக்காரன் கண்ணாடியை இறக்கி, "அக்கா, உள்ள யாரையாவது தூங்க வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டான்.

வழியிலும் என்ஜின் சீக்கிரம் சூடேறியது, சூடு நின்றது. நவம்பர் கடைசியில் ஒரு டேங்கில் இரண்டு பயணம் முடித்தாள், மூன்றாவது பயணத்துக்கும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. குன்னேய்க்குப் போன் செய்து சொன்னாள். குன்னேய், "புது வருஷம்னு சொன்னேன்" என்றாள்.

அதற்குப் பிறகுதான் ஆகுலினாவுக்கு ஆசை கூடியது. ஒரு நாள் தொறப்பின் மூடியைப் பட்டன் போட்டு அடைத்துப் பார்த்தாள். ஒன்றே முக்கால் மணி நேரம் தாங்கியது. அடுத்த தடவை மூடியின் மூன்று பக்கமும் நூல் ஓட்டித் தைத்துவிட்டாள். இரண்டு மணி பத்து நிமிஷம். வண்டிக்கு அடியிலும் ஒரு துண்டு கட்டினாள். நாலு மணி நேரத்துக்கு இப்போது ஒரே ஒரு தடவை கிளப்பினால் போதும். மற்ற ஓட்டுநர்கள் போர்வையைத் தூக்கிப் பார்த்தார்கள். ஒருவன் போட்டோ எடுத்துக்கொண்டான். அவள் சூப்பை யாரும் ஒருநாளும் போட்டோ எடுத்ததில்லை.

புரோகோப்பி தைத்திருந்ததைப் பார்த்தான். விரலால் தடவினான். "அடைச்சுட்டியா" என்றான்.

"அரை மணி கூட நிக்குது, கெழவா."

"கை அகலம் விடச் சொன்னேன்."

"உன் பாய்லர்ல கரி அள்ள ஆள் இருந்துச்சு. இங்க ஒவ்வொரு சொட்டும் நான் ஊத்துறேன்."

அவன் விரலை எடுத்துக்கொண்டு நகர்ந்தான். அவன் அப்படித்தான். எதிலும் ஒரு தடவை சொல்வான், அதிகம் போனால் இரண்டு தடவை.

டிசம்பர் இருபத்திரண்டாம் தேதி குளிர் தளர்ந்தது. முந்தின வாரம் ஐம்பதைத் தொட்டுவிட்டு வந்தவர்களுக்கு அன்றைய இருபத்து நாலு கோடை மாதிரி இருந்தது. தபால்காரி தொப்பி இல்லாமல் தெருவில் போனாள். குளிர் தளர்ந்தால் அங்கே பனி கொட்டும். இரவெல்லாம் கொட்டியிருந்தது, காலை எட்டு மணிக்கு அவர்கள் கிளம்பும்போதும் கொட்டிக்கொண்டிருந்தது. ஊரை விட்டு வெளியேறும் இடத்தில் வழக்கம்போல வண்டியை மெதுவாக்கி, வழித் தெய்வத்துக்குப் படையலாக ஒரு துண்டு அப்பம் வெளியே போட்டாள் ஆகுலினா. புரோகோப்பி தன் அப்பத்தில் பாதியையும் சேர்த்துப் போட்டான்.

"என்ன, இன்னிக்கு இவ்ளோ தாராளம்?"

"பனி அதிகமா இருக்கு."

முழங்கால் ஆழப் பனியில் கார் இரண்டாவது கியரிலேயே உழுதுகொண்டு போனது. பின்னாலிருந்து காற்று. ஆகுலினா சக்கரத் தடத்தை விட்டு விலகாமல் ஓட்டுவதிலேயே கண்ணாக இருந்தாள், முள்ளைப் பார்க்கவில்லை. முள்ளைப் பற்றி யோசிக்க வேண்டுமானால், அது கீழே இறங்குவதைப் பற்றித்தான் யோசிப்பாள். அது மேலே ஏறக்கூடும் என்பது ஒருநாளும் அவள் கணக்கில் இருந்ததில்லை. நாற்பது கிலோமீட்டர் தாண்டி நீளமான மேடு ஏறும்போது இனிப்பான ஒரு வாசனை வந்தது. பிறகு முன் மூடியின் இரண்டு பக்கமும் வெள்ளை ஆவி கிளம்பியது.

"நிறுத்து. அணை" என்றான் புரோகோப்பி.

அவள் இறங்கி ஓடி முன் மூடியைத் தூக்கினாள். போர்வையைப் பிடித்து இழுத்தாள், கையுறை வழியாகவே சுட்டது. குழம்புச் சட்டி மாதிரி உள்ளே கொதிக்கும் சத்தம். சிவப்புத் திரவம் பனியில் சொட்டித் துளை போட்டுக்கொண்டிருந்தது. ரேடியேட்டர் மூடியை நோக்கி அவள் கை போனது.

"தொடாத!"

இருபத்தொன்பது வருஷக் கல்யாண வாழ்க்கையில் அவன் அவளிடம் அவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை. கொதிகலன் கூடத்துச் சத்தத்தில் வேலையாட்களுக்குக் கேட்க வேண்டி எழுப்புகிற குரல் அது. "தொறந்தா மூஞ்சி வெந்துரும். அப்படியே விடு. தானா ஆறணும். வந்து உள்ள உக்காரு."

மணி ஒன்பதேகால். பதினோரு மணிக்கு அவனுக்கு இயந்திரம். போன் வேலை செய்யாத இடம். கார் மேல் பனி விழுந்தது, முன் மூடியின் மேல் விழுந்தது மட்டும் உருகி ஓடியது. ஆகுலினா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். இரண்டு மாதம் குளிரோடு மல்லுக்கட்டிவிட்டு, கடைசியில் சூட்டில் நின்றிருக்கிறாள். யாரிடம் இதைச் சொல்வது?

"கை அகலம்னு ஆரம்பிச்சே, இறங்கி நடக்க வேண்டியதுதான்" என்றாள்.

"அது இல்ல." புரோகோப்பி கண்ணாடியில் படிந்த ஈரத்தை விரலால் துடைத்தான். "குன்னேய் வீட்டுக்குப் போறதுல எனக்கு ஒண்ணும் கஷ்டமில்ல."

"என்ன?"

"நாலாவது மாடியிலேர்ந்து நகரத்துக் கொதிகலன் நிலையம் தெரியும். புகை எந்தக் கலர்ல வருதுன்னு பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். பொழுது போயிரும்."

"குதிரை?"

"குதிரையில ஏறி நாலு வருஷமாச்சு. என் தம்பிதான் தீனி போடுறான்."

"அப்ப அவ கேட்டப்ப ஏன் வாயில கொழுக்கட்டைய வெச்சுக்கிட்டு இருந்த?"

"ஐஸ்." அவன் சிரித்தான். "உன் மூஞ்சியப் பாத்தேன். உனக்கு வேணாம்னு தெரிஞ்சுது. அத என் பேர்ல சொன்னே. சரி, இருந்துட்டுப் போகட்டும்னு விட்டேன்."

ஆகுலினாவுக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு, கோபப்பட எதுவும் இல்லை என்பதும் தெரிந்தது. அவன் முதன்முதலில் நோயில் விழுந்தபோது மகள் வீட்டில் பத்து நாள் இருந்தார்கள். குன்னேய் எந்தக் குறையும் வைக்கவில்லை. ஆனால் அந்தச் சமையலறையில் ஒரு கரண்டி எடுக்க வேண்டுமானாலும் ஆகுலினா, "இதை எடுக்கலாமா?" என்று கேட்க வேண்டியிருந்தது. உப்பு எங்கே இருக்கிறது என்று நாளுக்கு மூன்று தடவை கேட்டாள். எழுநூறு பேருக்குச் சோறு போட்ட கை, மேஜை ஓரத்தில் மடியில் கிடந்தது. ஊரில் அவள் அடுப்பு, அவள் கொட்டகை, முற்றத்தில் அடுக்கி வைத்த குடிநீர் ஐஸ் கட்டிகள்கூட அவள் எண்ணி வைத்தவை. இதைப் போய் காரணம் என்று யாரிடமாவது சொல்ல முடியுமா? புருஷன் பேரைச் சொன்னால் யாரும் மறுபேச்சு பேச மாட்டார்கள்.

பின்னால் ஒரு லாரியின் விளக்கு தெரிந்தது. அந்தச் சாலையில் நிற்கிற வண்டியைத் தாண்டிக்கொண்டு யாரும் போவதில்லை. லாரி நின்றது, குட்டையான ஓர் ஆள் குதித்து இறங்கி வந்தான்.

"உறைஞ்சு போச்சா?"

"கொதிச்சுப் போச்சு" என்றாள் ஆகுலினா.

அவன் முன் மூடிக்குள் பார்த்தான், போர்வையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "டிசம்பர்லயா?" என்றவன், கையிலிருந்த டார்ச் விளக்கை அவள் முகத்துக்கு நேரே தூக்கினான். "ஐயோ, நம்ம சமையக்கார அக்காவா! நான்தான், ஜூலுஸ்தான், மூணாவது வரிசையில உக்காந்து தட்டைத் தட்டுவேனே! ஏன்க்கா, எங்களுக்கு ஒரு நாளாவது இந்த மாதிரி கொதிக்கக் கொதிக்க ஊத்தியிருப்பீங்களா?"

"நீ வெளையாடிட்டு லேட்டா வருவே, ஆறிப் போகாம என்ன செய்யும்? பேசாம ரேடியேட்டர் தண்ணி இருந்தா குடு."

இருந்தது. பச்சை நிறம். அவளுடையது சிவப்பு. "ரெண்டையும் கலக்கலாமா?" என்று கேட்டாள்.

"நகரம் போற வரைக்கும் சண்டை போட்டுக்காது" என்றான் ஜூலுஸ்தான்.

என்ஜின் ஆறும்வரை புரோகோப்பி யாரையும் தொட விடவில்லை. இருபத்தைந்து நிமிஷம் கழித்து அவனே இறங்கி, துணியைப் போட்டு ரேடியேட்டர் மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தான். சீறல் அடங்கும்வரை முகத்தைத் திருப்பி வைத்திருந்தான். ஊற்றினார்கள். ஜூலுஸ்தான் தன் கத்தியை நீட்டினான், ஆகுலினா ரேடியேட்டர் முன் தொங்கிய துண்டில் தான் போட்ட தையலைத் தானே அறுத்தாள். மூன்று பக்கமும். மீன்பிடி நூல், அறுக்க நேரமெடுத்தது. தொறப்பின் மூடியைச் சுருட்டி மேலே பட்டன் போட்டாள். புரோகோப்பி உள்ளங்கையைத் தொறப்புக்கு நேரே வைத்துப் பார்த்து, தலையசைத்தான்.

ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டு பத்து. நர்ஸ் புரோகோப்பியின் பூட்ஸைக்கூடக் கழற்ற விடாமல் கட்டிலுக்குத் தள்ளினாள். "அடுத்த ஆள் மூணரைக்கு. இன்னிக்கு உங்களுக்கு மூணு மணி நேரம்தான். நாளை மறுநாள் வரைக்கும் ஐஸ்கூடக் கம்மி, சொல்லிட்டேன்" என்றாள். இருவருக்கும் போன் போட்டு ஓய்ந்து, கடையிலிருந்து ஓடி வந்திருந்த குன்னேய் தாழ்வாரத்தில் நின்றாள். கண் சிவந்திருந்தது.

"ஒன்பது நாள் பாக்கி இருந்துச்சும்மா."

"ஆமா."

"அப்பா என்ன சொன்னாலும் இனிமே நான் கேக்கப் போறதில்ல."

"அப்பா ஒண்ணும் சொல்லல." ஆகுலினா பெஞ்சில் உட்கார்ந்தாள். கையில் இன்னும் அந்த இனிப்பு வாசனை இருந்தது. "தொறப்பு விடுன்னாரு, நான் அடைச்சேன். இங்க வர்றதும் அவருக்குச் சம்மதம்தான். வேண்டாம்னது நான். அவர் பேரைச் சொன்னேன்."

குன்னேய் பக்கத்தில் உட்கார்ந்தாள். "உன் பேரையே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா விட்டிருப்பியா?"

"மாட்டேன்" என்றாள் மகள். "பத்து நாள் நீ இருந்த இருப்பைப் பாத்தவதானே நானும். சமையக்கட்டுல விருந்தாளி மாதிரி நின்னே. எனக்கும் கஷ்டமாத்தான் இருந்துச்சு. ஆனா அப்பாவுக்குன்னு வரும்போது..."

வெளியே போய் வண்டியைப் பார்த்தார்கள். அணைத்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. குன்னேய் போர்வைக்கு அடியில் கையை விட்டாள், எடுக்கவில்லை. இன்னொரு கையால் தையல்களை நெருங்கிப் பார்த்தாள். கறுப்புக்கும் சாம்பலுக்கும் நடுவில் சிவப்பு நூலால் பூ போட்ட வெள்ளைத் துண்டு ஒன்று.

"இது என் அஞ்சாங் கிளாஸ் பூட்ஸ்!"

"கால் வளந்துருச்சில்ல."

"கேக்காம வெட்டியிருக்கே."

"கேட்டா நீ குடுத்திருப்பியா?"

குன்னேய் சிரித்துவிட்டாள், உடனே அதை நிறுத்தியும் கொண்டாள். "ஜனவரியும் பிப்ரவரியும் என்கூட. அதுல பேச்சே இல்ல. மார்ச்சுலேர்ந்து உன் வீடு, உன் கார், உன் போர்வை. லேட் ஆனா மறுபடியும் பேசுவோம்."

ஆகுலினா யோசித்தாள். பேரம் பேசுகிற நிலையில் இல்லைதான். இருந்தாலும் பேசினாள். "ராத்திரி சமையல் என்னுது. உப்பு எங்க இருக்குன்னு கேக்க மாட்டேன். நான் வெக்கிற இடத்துல அது இருக்கும்."

"வெளிய போயிட்டு வந்து நான் தேடணுமா?"

"நீ கேளு. சொல்றேன்."

திரும்பும்போது பனி நின்றிருந்தது, குளிர் மறுபடி இறங்க ஆரம்பித்திருந்தது. புரோகோப்பி களைப்பில் இருந்தாலும் தூங்கவில்லை, முள்ளைப் பார்த்துக்கொண்டே வந்தான். மேட்டுக்கு முன்னால், "நிறுத்து" என்றான். இறங்கி, சுருட்டிய மூடியின் இரண்டு பட்டனையும் ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு மூச்சு வாங்க ஏறி உட்கார்ந்தான்.

"ரெண்டு மாசம்" என்றாள் ஆகுலினா.

"கேட்டேன். தாழ்வாரத்துக்குத் திரும்பி வந்தும் அதையேதான் பேசிக்கிட்டிருந்தீங்க. நர்ஸ் கதவ மூடல."

மேடு ஏறி முடித்து இறங்கும்போது முள் கொஞ்சம் சரிந்தது. அவள் அதைக் கவனிக்கும் முன்பே அவன், "இப்ப மூடிக்கலாம்" என்று கையுறையை மாட்டிக்கொண்டான்.